வாசலில் தொடங்கும் ‘ங்க’: வீட்டு வேலைக்கு வருபவரும் வீட்டுக்காரரும் நம்பிக்கையோடு இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கொங்குத் தமிழின் மரியாதையை ஊரே சொல்லும். பால்காரர் வந்தால் ‘வாங்க’. கண்டக்டரிடம் ‘ஒரு டிக்கெட் குடுங்க’. மூன்று வயதுப் பேரனைக்கூட ‘வாங்க சாமி, சாப்பிடுங்க’ என்று கூப்பிடுகிற ஊர் இது. அதே வீட்டுக்கு காலை ஏழரை மணிக்கு ஐம்பது வயது அம்மா ஒருவர் வேலைக்கு வருகிறார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவர் உள்ளே நுழையும்போது, ‘ஏன் இத்தனை நேரம்? சீக்கிரம் பாத்திரத்தைக் கழுவு’ என்ற குரல்தான் கேட்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எல்லாருக்கும் கொடுக்கிற அந்த ‘ங்க’ இவருக்கு மட்டும் ஏன் இல்லாமல் போகிறது?

கோவையில் குடியேறி பதினாறு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் இரண்டு பேர் எங்கள் வீட்டில் வேலை பார்த்திருக்கிறார்கள். முதலில் வந்த அக்கா என்னுடைய தவறால் நின்றுபோனார். அதைப் பின்னால் சொல்கிறேன். இப்போது வருகிற அக்காவுக்கு இது ஒன்பதாவது வருடம். நல்ல மனசு இருந்தால் நம்பிக்கை தானாக வந்துவிடும் என்று அந்தக் காலத்தில் நினைத்திருந்தேன். அப்படி வராது. பேச வேண்டியதை முதலிலேயே பேச வேண்டும், பேசியதை மாதாமாதம் காப்பாற்ற வேண்டும். அதற்கான வழிகளை நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. ஆள் தேடுவதற்கு முன் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள்

‘கூட்டித் துடைக்கணும், பாத்திரம் கழுவணும், அவ்வளவுதான்’ என்று சொல்லித்தான் பெரும்பாலும் ஆள் வைக்கிறோம். சண்டை வருவதும் அந்த ‘அவ்வளவுதான்’ என்ற சொல்லில்தான். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வாசலிலிருந்து நடந்து பாருங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுவது சேர்த்தியா? மாடிப்படி? பால்கனி? பாத்ரூம் எத்தனை, வாரம் எத்தனை தடவை கழுவ வேண்டும்? ஒட்டடை மாதம் ஒருமுறையா? இட்லி குண்டாவும் குக்கரும் சேர்த்து ஒரு நாளைக்கு எத்தனை பாத்திரம்? ஒறம்பரை (விருந்தாளிகள்) வந்தால் கூடுகிற வேலைக்கு என்ன ஏற்பாடு?

இந்தத் தாளை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். எது முடியும், எது முடியாது என்று அவர் சொல்லட்டும். எங்கள் அக்கா முதல் நாளே, ‘மாடித் தொட்டிக்கு ஏணி ஏற மாட்டேனுங்க, மூட்டு வலிங்க’ என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் அதைச் சொல்லியிருக்காவிட்டால், ஆறு மாதம் கழித்து ‘சொன்ன வேலையைச் செய்வதில்லை’ என்று நான்தான் புலம்பியிருப்பேன்.

நேரத்தையும் அன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள். அதை அவருடைய பஸ்ஸைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் பலருக்கு அந்தப் பஸ்தான் கால். ‘ஆறரைக்கு வந்துவிட வேண்டும்’ என்று நீங்கள் பிடிவாதமாக நின்றால், அந்த நேரத்தில் இலவசப் பஸ் இல்லாத ஊர்க்காரர் ஷேர் ஆட்டோவுக்குக் கைக்காசு கொடுத்து வருவார். அரை மணி நேரம் தள்ளி வைத்தால் உங்களுக்கு ஒன்றும் குறையாது. அவருக்கு மாதத்தில் ஒரு நல்ல தொகை மிஞ்சும்.

2. சம்பளம்: முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்

‘நீங்களே பார்த்துக் கொடுங்க’ என்று அவர் சொல்வார். அது பணிவு. அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அக்கம்பக்கத்தில் இந்த வேலைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்து, ஒரு தொகையை நீங்கள் முதலில் சொல்லுங்கள். தமிழக அரசு 2018-ல் வீட்டு வேலைக்கும் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்து, மணிக்கணக்கில் அறிவித்தது. நீங்கள் கொடுப்பதை மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்தால்தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். என் கணக்கை முதன்முதலாக வகுத்துப் பார்த்த அன்று, மறுமாதமே சம்பளத்தைக் கூட்டினேன்.

திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பனியன் கம்பெனிக்குப் போனால் சனிக்கிழமைதோறும் கையில் கூலி வந்துவிடும். அதை விட்டுவிட்டு ஒரு பெண் வீட்டு வேலைக்கு வருகிறார் என்றால், பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருக்கலாம் என்பது போல ஏதாவது ஒரு காரணம் இருக்கும். வேறு போக்கிடம் இல்லாமல் வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளத்தை மாதம் முழுவதும் காத்திருந்து வாங்குகிறவருக்குத் தேதி தள்ளிப்போனால் எப்படி இருக்கும் என்றும் யோசித்துப் பாருங்கள்.

தேதி ஒன்று என்றால் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வந்தால் சனிக்கிழமையே கொடுத்துவிடுங்கள். பணத்தைப் போனில் அனுப்புகிற வீடுகள் இப்போது அதிகம். அனுப்புவதற்கு முன், அந்த எண் யாருடையது என்று கேளுங்கள். போன் அவருடைய கணவர் கையிலோ பையன் கையிலோ இருந்தால், அந்தப் பெண் உழைத்த காசு அவர் கைக்கு வருவதற்குள் செலவாகியிருக்கும். எங்கள் அக்கா இதை ஒரு நாள் மெதுவாகத்தான் சொன்னார். அப்புறம் கவரில் போட்டு நோட்டாகவே கொடுக்கிறேன்.

அட்வான்ஸ், கைமாத்து எல்லாம் ஒரு சின்ன நோட்டில் இருக்கட்டும். என்ன வாங்கினார், மாதம் எவ்வளவு கழிக்கிறோம் என்று அவர் முன்னால் எழுதி, அவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டால் அவர் வேறு இடத்தில் வட்டிக்குத்தான் போவார். குழுக் கடன் வாங்கியிருந்தால் வாரத்தில் ஒரு காலை தவணைக் கூட்டம் இருக்கும். அது எந்தக் கிழமை என்று கேட்டு, அன்று முன்னே பின்னே வந்தால் விட்டுவிடுங்கள்.

லீவையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வாரத்தில் ஒரு நாள், அல்லது இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டபடி மாதத்துக்கு இத்தனை நாள், சம்பளம் பிடிக்காமல். ஊர் மாரியம்மன் நோம்பி (திருவிழா) என்றால், அது தொடங்கும் பூச்சாட்டு நாளிலிருந்தே அவர் மனசு ஊரில் இருக்கும். ‘நோம்பிக்கு எத்தனை நாள் வேணுங்க?’ என்று நீங்களே முன்கூட்டிக் கேளுங்கள். கேட்டால் சரியான நாளைச் சொல்வார். கேட்காவிட்டால் ‘உடம்பு சரியில்லை’ என்றுதான் தகவல் வரும். பொய் சொல்ல வேண்டிய நிலைமையில் ஒருவரை வைத்துவிட்டு, அவர் பொய் சொல்கிறார் என்று குறைப்படுவது சரியில்லை. தீபாவளி போனஸையும் பொங்கலுக்குச் சம்பளம் கூட்டுவதையும் அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

3. கூப்பிடும் விதம், டம்ளர், உட்காரும் இடம்

இதுதான் என் மனசுக்கு நெருக்கமான பகுதி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

உங்களைவிட மூத்தவர் என்றால் அக்கா, அம்மா. இளையவர் என்றால் பெயர் சொல்லி, கூடவே ‘வாங்க, போங்க’. ‘அம்மணி’ என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது, வயதில் சின்னவர்களுக்கு அதுவும் பொருந்தும். பிள்ளைகளுக்கு இதை வாயால் சொல்லிக்கொடுத்தால் போதாது, நாம் பேசுவதைக் கேட்டுத்தான் அவர்கள் பேசுவார்கள். ‘வேலைக்காரி’ என்ற சொல்லை வீட்டுக்குள் யாரும் பேசாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ‘வேலைக்கு வர்ற அக்கா’ என்று சொன்னால் நாக்கு தேய்ந்துவிடாது.

அடுத்தது டம்ளர். நம் மேற்கு மாவட்டங்களின் கிராமத்து டீக்கடைகளில் சாதி பார்த்துத் தனி டம்ளர் வைக்கும் இரட்டை டம்ளர் முறை இருந்ததை நாம் மறைக்க முடியாது. கடையில் அது குற்றம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அடுக்களைக் கதவுக்குப் பின்னால், ஜன்னல் மேட்டில் தனியாகக் கவிழ்த்து வைத்த ஒரு பழைய டம்ளரையும் ஓரம் நசுங்கிய ஒரு சாப்பாட்டு வட்டலையும் இன்றைக்கும் பல வீடுகளில் பார்க்கிறேன். ‘சுத்தத்துக்காகத்தான்’ என்பார்கள். நம் வீட்டுப் பாத்திரம் அத்தனையும் கழுவி அடுக்குகிற கை அந்தக் கைதான். அதே கை ஒரு டம்ளரைத் தொட்டுக் குடிப்பதில் என்ன அசுத்தம் வந்துவிடும்? அந்தத் தனி டம்ளரை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். யாரிடமும் அறிவிக்க வேண்டாம். வீட்டில் எல்லாரும் குடிக்கிற டம்ளரில் காப்பி ஊற்றிக் கையில் கொடுங்கள், போதும்.

எங்கள் அக்காவுக்கு முதல் வாரம் அப்படிக் கொடுத்தபோது, அவர் டம்ளரை வாங்கி அண்ணாந்து குடித்தார். காப்பி கழுத்தில் வழிந்தது. ‘வாய் வெச்சே குடிங்க அக்கா, சுடுது’ என்றேன். என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு டம்ளர் விளிம்பில் வாய் வைத்தார். எத்தனை வீட்டில் பழகிய பழக்கமோ அது.

உணவும் அப்படித்தான். முந்தாநாள் மீந்ததைத் தூக்கிக் கொடுப்பது தானம் ஆகாது. நீங்கள் சாப்பிடுவீர்கள் என்றால் அவருக்கும் கொடுங்கள், இல்லையென்றால் வேண்டாம். கொடுக்கும்போது ‘நேத்து வெச்ச குழம்புங்க, சூடு பண்ணியிருக்கேன், வேணுமா?’ என்று கேட்டுக் கொடுங்கள். உட்கார ஒரு ஸ்டூலோ நாற்காலியோ இருக்கட்டும். கழிப்பறை எது என்பதை முதல் நாளே காட்டிவிடுங்கள். நான்கு வீடு ஏறி இறங்கும் பெண் மத்தியானம்வரை தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு திரிந்தால், எந்த வீட்டிலும் அவரைப் பாத்ரூம் போகச் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வேலைக்கு வருபவர்களுக்குத் தனி லிஃப்ட் என்று எழுதி வைத்திருந்தால், சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். கேட்டில் அவர் பையைச் சோதிக்கிறார்கள் என்றால் எல்லார் பையையும் சோதிக்கட்டும். ஒருவரை மட்டும் நிறுத்திச் சோதிப்பது, நாலு பேர் பார்க்க அவரைத் திருடி என்று சொல்வதற்குச் சமம்.

4. தண்ணீர், ஆசிட், கை

சிறுவாணித் தண்ணீரின் ருசியை நாம் பெருமையாகச் சொல்வோம். ஆனால் பல வீட்டில் கழுவவும் துடைக்கவும் போர் தண்ணீர்தான். உப்புத் தண்ணீர் டைல்ஸில், குழாயில், பக்கெட்டில் வெள்ளையாகப் படிந்துவிடும். அந்தக் கறை போக ஆசிட்டை ஊற்றித் தேய்க்கச் சொல்கிறோம். அது போதாமல் ‘கிருமி சாகட்டும்’ என்று பிளீச்சிங் பவுடரையும் அதன் மேலேயே தூவச் சொல்கிற வீடுகளும் உண்டு. இதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். டாய்லெட் கழுவும் ஆசிட்டும் பிளீச்சிங்கும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கண் எரியும், தொண்டை அடைக்கும், மூச்சுத் திணறும். ஜன்னல் சின்னதாக இருக்கும் பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. தப்பித் தவறிக் கலந்துவிட்டால், போட்டது போட்டபடி வெளியே வந்து நல்ல காற்றில் நிற்க வேண்டும். மூச்சு சீராகவில்லை என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். இதை அவருக்குச் சொல்லிக்கொடுங்கள், வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள். இரண்டு டப்பாவையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

உப்புக் கறைக்கு எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட் தூள்) தண்ணீரில் கரைத்து ஊற்றி, பத்து நிமிஷம் ஊறவிட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். மார்பிள் தரையில் மட்டும் அதையும் ஊற்ற வேண்டாம், பளபளப்பு போய்விடும்.

ரப்பர் கையுறை ஒரு ஜோடி, நின்றுகொண்டே துடைக்கிற நீளக் கைப்பிடி மாப்பு, வழுக்காத செருப்பு. இவை மூன்றையும் வாங்கி வையுங்கள். ‘குனிஞ்சு துணியால துடைச்சாத்தான் சுத்தம்’ என்று என் மாமியார் சொல்வார். அக்காவின் முழங்காலைப் பார்த்த பிறகு நான் மாப்புக்கு மாறிவிட்டேன். தரை அப்படியேதான் பளிச்சென்று இருக்கிறது.

5. ஒரு பொருள் காணாமல் போனால்

முதலில் வந்த அக்கா நின்ற கதை இதுதான். என் தோட்டின் திருகாணி ஒன்று காணோம். கட்டில் கீழே, தலையணை உறைக்குள், பீரோ மேலே எல்லாம் அரைகுறையாகத் தேடினேன். மறுநாள் காலையில் அக்கா வந்ததும் கேட்டேன்: ‘இங்க வெச்சிருந்த திருகாணியை எடுத்தீங்களா?’

‘பார்த்தீங்களா’ என்று கேட்டிருக்க வேண்டும். ‘எடுத்தீங்களா’ என்றேன். ‘ங்க’ போட்டுத்தான் கேட்டேன். ஆனால் அந்த ஒரு வினைச்சொல் எல்லா மரியாதையையும் தின்றுவிட்டது. அவர் ‘இல்லைங்க’ என்றார். கூட்டி முடித்தார், துடைத்து முடித்தார். மறுநாளிலிருந்து வரவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து, தேய்ந்துபோன பூந்துடைப்பத்தைத் தூக்கிப் போட எடுத்து உதறினேன். இழையெல்லாம் சேருகிற கழுத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி மின்னியது.

அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். உட்கார வைத்து டீ கொடுத்தார். ‘பரவாயில்லைங்க. ஆனா இனி அந்தப் படி ஏற மனசு வராதுங்க’ என்றார். அதோடு சரி.

ஆகவே, ஒரு பொருள் காணவில்லை என்றால் முதலில் இரண்டு நாள் நீங்களே முழுதாகத் தேடுங்கள். துடைப்பம், வாஷிங் மெஷின் ஃபில்டர், சட்டைப் பை, குப்பைத் தொட்டி எதையும் விடாதீர்கள். வீட்டில் எல்லாரிடமும் கேளுங்கள். அப்புறம் அவரிடம், ‘இப்படி ஒண்ணு காணோங்க, கூட்டறப்போ கண்ணுல பட்டா எடுத்து வைங்க’ என்று சொல்லுங்கள். மற்றவர்கள் முன்னால் வேண்டாம். நகையையும் பணத்தையும் கண்ட இடத்தில் போட்டு வைத்து நேர்மையைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது வேலைக்கு வருபவர்களுக்குத் தெரியாமல் போகாது. பூட்டி வைக்க வேண்டியதைப் பூட்டி வையுங்கள், அது இருவருக்கும் பாதுகாப்பு. கேமரா வைத்திருந்தால் எங்கே இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆதார் நகல் வாங்கிக்கொள்ளலாம், அசலை வாங்கி வைத்துக்கொள்வது தவறு. சந்தேகத்தின் பேரில் அவர் படத்தைக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவது அதைவிடப் பெரிய தவறு. ஒரு படம் போனால் அவருக்கு நான்கு வீட்டு வேலையும் போய்விடும்.

பொருள் உடைந்தால்? தினமும் முப்பது பாத்திரம் கழுவுகிற கையில் வருடத்துக்கு இரண்டு கண்ணாடி டம்ளர் உடையத்தான் செய்யும். சம்பளத்தில் பிடிக்காதீர்கள். பிடித்தால் அடுத்த முறை உடைந்த துண்டு குப்பைக்குள் மறைந்து போகும். உங்களுக்குத் தெரியவே வராது.

6. வேலைக்கு வரும் சகோதரிகளுக்கு

நம்பிக்கை இரண்டு கை தட்டும் ஓசை. உங்கள் பக்கத்திலிருந்தும் சில உண்டு.

வர முடியாது என்றால் முந்தின நாள் பொழுதோடவே ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். காலையில் வேலைக்கு ஓடும் வீட்டில், நீங்கள் வரவில்லை என்பதைவிட வருவீர்களா என்று தெரியாததுதான் பெரிய அவஸ்தை. ஏதாவது உடைந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். ஒரு வீட்டில் பார்த்த சண்டையை, மருந்துச் சீட்டை, நகைக் கணக்கை அடுத்த வீட்டில் கதையாகப் பேசாதீர்கள். கேட்டு ரசிக்கிறவர்களே, ‘நம்ம கதையும் இப்படித்தான் போகும்’ என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்வார்கள். தாளில் இல்லாத வேலையைச் சொன்னால், ‘இது பேசினதில் இல்லைங்க, செய்யறேன், ஆனா சேர்த்துக் குடுக்கணும்ங்க’ என்று நேராகச் சொல்லுங்கள். மனசுக்குள் வைத்துக்கொண்டு ஒரு நாள் திடீரென்று நின்றுவிடாதீர்கள். நிற்பதென்றால் பதினைந்து நாள் முன்னால் சொல்லுங்கள். வீட்டுக்காரரும் நிறுத்துவதென்றால் அதே அவகாசம் கொடுக்க வேண்டும்.

வீட்டில் யாராவது தவறாகத் தொட்டாலோ பேசினாலோ, பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான். மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கும் கூப்பிடலாம்.

7. அரசாங்கப் பதிவுகள்: இதில் வீட்டுக்காரர் உதவ வேண்டும்

வீட்டுப் பணியாளர்களுக்கென்று தமிழகத்தில் 2007-ல் நல வாரியம் அமைக்கப்பட்டது. பதிவு செய்தவர்களுக்குப் பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம். வேலை பார்ப்பதற்குச் சான்று கேட்டால், ‘நம்ம பேர் எதுக்கு’ என்று ஒதுங்காமல் எழுதிக் கொடுங்கள்.

மத்திய அரசின் இ-ஷ்ரம் தளம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பதிந்தால் 12 இலக்க எண்ணோடு அட்டை வரும். அப்புறம் வங்கியில் வருடத்துக்கு 20 ரூபாய் கட்டினால் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் இருக்கிறது. 18 முதல் 70 வயதுவரை சேரலாம். அந்த 20 ரூபாயை நீங்களே கட்டலாம். ஆனால் அவர் கணக்கு எந்த வங்கியில் இருக்கிறது, ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் அதில் அந்தப் பணம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் உண்மையான உதவி.

இன்னொன்று. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பள்ளிக்கூட வயதுப் பெண்ணை அனுப்பினால், வேலை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். அன்றைய சம்பளத்தையும் பிடிக்காதீர்கள்.

8. சாவி

கடைசியாக, வீட்டுச் சாவி. எல்லாரும் இதைத்தான் நம்பிக்கையின் அடையாளம் என்று நினைத்து அவசரப்படுகிறார்கள். நாங்கள் நான்காவது வருடம்தான் பேசினோம். பழனிக்கு இரண்டு நாள் போக வேண்டியிருந்தது, செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். சாவியை நீட்டினேன். அக்கா கையை நீட்டவில்லை.

ஆளில்லாத வீட்டில் ஒரு ஊசி காணாமல் போனாலும் பழி யார் மேல் விழும் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் சாவி கொடுப்பதைப் பெருமையாக நினைக்கலாம், அவருக்கு அது சுமையாக இருக்கலாம். அதனால் கையில் திணிக்காமல் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் மோட்டார் நிறுத்துவது எங்கே, சிலிண்டர் வாடை வந்தால் என்ன செய்வது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று காட்டிவிட்டுக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள், அவரை யாரும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கக் கூடாது.

அன்றைக்கு அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘பீரோ சாவியை நீங்க எடுத்துட்டுப் போயிருங்க. வாசல் சாவி மட்டும் எனக்குப் போதுங்க’ என்றார். இப்போதும் ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்படித்தான்.